கையை எடுக்கலாம்... கண்ணை எடுக்கலாமா?

அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறீர்கள். ஏர்போர்ட்டிலிருந்து காரில் அழைத்துப் போகிறான். ஹைவேயில் ஏறியதும் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுகிறான். 'ஐயோ, என்னடா இது!' என்று பதறுகிறீர்கள். 'பயப்படாதீங்கம்மா, அதுவே ஓட்டிக்கும்' என்று சிரிக்கிறான். பத்து நிமிஷத்தில் உங்களுக்கும் பயம் தெளிந்துவிடும். ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

பயம் தெளிகிற அந்த இடத்தில்தான் ஆபத்தே தொடங்குகிறது என்பேன் நான்.

மக்கள் சொந்தமாக வாங்கி ஓட்டும் இந்த ரகக் கார்களில் பெரும்பாலானவை முழுக்கத் தானாக ஓடுபவை அல்ல. கோட்டைப் பார்த்துத் திரும்பும். முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். தனக்குப் புரியாத சிக்கல் வந்தால், 'இந்தா, நீயே பிடி' என்று நம்மிடம் கொடுத்துவிடும். சில சமயம் அதைக்கூடச் சொல்லாது!

'கொடுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே?' என்கிறீர்களா? அது அவ்வளவு சுலபமில்லை.

சமையலறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அல்வா கிளறும்போது கவனம் சிதறுவதில்லை. கைக்கு வேலை இருக்கிறது. ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும்போது? ஒரு நிமிஷம் எங்கோ நினைவு போகும்... பால் பொங்கி வழிந்திருக்கும். காரை நாமே ஓட்டுவது அல்வா கிளறுவது மாதிரி. ஓடுகிற காரைக் கண்காணிப்பது பால் காய்ச்சுவது மாதிரி.

இது சோம்பேறித்தனம் அல்ல, மூளையின் இயல்பு. 1948-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் நார்மன் மாக்வொர்த் ஒரு சோதனையை வெளியிட்டார். கடிகார முள் போன்ற ஒன்று சீராகத் தாவிக்கொண்டிருக்கும். எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் அரைமணி நேரத்திலேயே பலரும் கோட்டை விட ஆரம்பித்துவிட்டார்கள்.

2017-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர் 26 பேரை சிமுலேட்டரில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவசரம் எதுவும் இல்லாத நேரத்தில், 'இனி நீங்கள் ஓட்டுங்கள்' என்று கார் கேட்டது. ஒருவர் 1.9 விநாடியில் வாங்கிக்கொண்டார். இன்னொருவருக்கு 25.7 விநாடி ஆனது! மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 25 விநாடி என்றால், கிட்டத்தட்ட 700 மீட்டர். அதோடு, கை ஸ்டீயரிங்கைத் தொட்டுவிட்டால் போதுமா? பக்கத்தில் யார், பின்னால் என்ன வருகிறது என்பது மனசில் பதிய வேண்டாமா?

2018 மார்ச் 18-ம் தேதி இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பே நகரம். ஊபர் கம்பெனி சோதித்துக்கொண்டிருந்த தானோட்டிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணி மீது மோதியது. அவர் இறந்துபோனார். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே கார் அவரைப் பார்த்துவிட்டது. ஆனால் என்னவென்று அதற்குப் புரியவில்லை. கண்காணிக்க உட்கார்ந்திருந்தவரின் கண், செல்போனில் ஓடிய டி.வி. நிகழ்ச்சியில் இருந்தது.

2023-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனையும் கிடைத்தது. தப்பு தப்புதான். ஆனால் 'வேலை எதுவும் செய்யாதே, ஆனால் விழிப்பாக இரு' என்று மணிக்கணக்கில் உட்கார வைத்தவர்களுக்குப் பங்கே இல்லையா? விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கம்பெனியின் மேற்பார்வைக் குறைகளையும் சேர்த்தே சுட்டிக்காட்டியது. டிரைவரின் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்து உலுக்காத காரை, விற்கவே விடக்கூடாது என்பது என் கட்சி.

சட்டம் வரும்போது வரட்டும். 'ஏடாஸ்' என்ற பெயரில் இந்த வசதிகளில் பல நம்மூர் ஷோரூமுக்கும் வந்துவிட்டன. வாங்கினால் இதை மனசில் வையுங்கள். செல்போன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். தூக்கம் கெட்ட மறுநாளும், மயக்கம் தரும் சளி மாத்திரை போட்ட நாளிலும் காரே எடுக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்தால் தூக்கம் இன்னும் சீக்கிரம் வரும். மழையிலும், ரோடு வேலை நடக்கும் இடத்திலும் அந்த பட்டனைத் தொடாதீர்கள். கார் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தால், உடனே யாரையும் முந்தப் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்து நிதானத்துக்கு வந்தபிறகு மற்றதெல்லாம்.

மகன் பக்கத்தில் உட்கார்ந்து போகிற அம்மா, அப்பாவுக்கும் ஒரு வேலை உண்டு. 'எவ்வளவு ஜோரா ஓட்டுது பாரேன்' என்று காரைப் பாராட்டாதீர்கள். 'டேய், ரோட்டைப் பாருடா' என்று அவனை அதட்டுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். வீடு வந்து சேர்ந்ததும் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம்!