தரையிறங்கும் நேரத்தில் நினைவு தப்பினால்

முனிர்காவின் மாடி அறைகளில் வாடகைக்கு இருக்கும் இளைஞர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. இந்திரா காந்தி விமான நிலையம் சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் அறைக்குள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து 'பறப்பவர்களின்' தொல்லை வேறு வகை. மணிக்கணக்கில் ஓட்டி வந்து, ஓடுபாதை விளக்குகள் கண்ணுக்குத் தெரியும்போது திரை உறைந்துவிடுகிறது. 'மெமரி போதவில்லை' என்று ஒரு சின்னப் பெட்டி. பயணம் அம்போ.

அடுத்து நடப்பது ஊரறிந்தது. மஜந்தா லைன் மெட்ரோவில் ஏறி நேரு என்கிளேவில் இறங்கி, நேரு பிளேஸில் இன்னொரு ரேம் வாங்குவது. வேண்டாம் என்றா கடைக்காரர் சொல்வார்? பல சமயங்களில் அது தண்டச் செலவு.

பழைய மெஷின்களில் இன்னமும் விரும்பி ஓட்டப்படும் மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸையே எடுத்துக்கொள்ளலாம். 2006ல் வந்தது. 32 பிட் புரோகிராம். தில்லியில் ஒரு காலத்தில் தொலைபேசி எண்கள் ஏழு இலக்கம். எண்கள் போதாமல் போனதும் எட்டு இலக்கமாக்கினார்கள். எத்தனை மைல் கம்பி இழுத்தாலும், இலக்கத்தைக் கூட்டாமல் புது இணைப்பு தர முடியாது. இங்கேயும் அதே கதை. மெமரியின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி, அதாவது 4 ஜிபி. 32 பிட் விண்டோஸில் சாதாரணமாக அதில் பாதிதான் புரோகிராமுக்குக் கிடைக்கும். 64 பிட் விண்டோஸில், திருத்தங்கள் போட்ட எக்ஸுக்கு முழு 4 ஜிபி. அதற்கு மேல் 32 ஜிபி ரேம் செருகினாலும் அது எட்டிப் பார்க்காது.

இறங்கும்போது மட்டும் ஏன்? வழியெல்லாம் சேர்ந்த சுமை முழுவதும் இறங்கிவிடுவதில்லை. அதன் மேல் பெரிய நகரம், காசு கொடுத்து வாங்கிய விமான நிலையக் காட்சி, மேகம், நிற்கும் விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. காட்சிகளின் நுணுக்கத்தைக் குறைப்பது, மேகப் படங்களை 4096லிருந்து 1024க்கு இறக்குவது, போகாத ஊர்களின் காட்சிகளை அணைத்துவைப்பது ஆகிய மூன்றும் பலன் தரும். சென்னைக்குப் பறப்பவருக்கு லண்டன் எதற்கு? நீண்ட பயணமானால் பாதி வழியில் சேமித்து, புரோகிராமை மூடித் திறந்து தொடர்வது இன்னும் நல்லது. பழைய சுமை துடைத்தெறியப்பட்டுவிடும்.

இது பரம்பரை நோய். 1993ல் ஃப்ளைட் சிமுலேட்டர் 5 டாஸில் ஓடிய காலத்தில், மெஷினில் 4 எம்பி இருந்தும் அடிவாரத்து 640 கேபியில் இடமில்லை என்ற புலம்பல். மவுஸ் டிரைவரையும் சிடி டிரைவரையும் மேலே ஏற்றிவிட மெம்மேக்கரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இப்போது நரை கண்டிருக்கும்.

2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 64 பிட். முகவரிப் பஞ்சம் தீர்ந்தது, பிழை தீரவில்லை. இங்கே குற்றவாளி பெரும்பாலும் பேஜ் ஃபைல். ரேமும், டிஸ்கில் ஒதுக்கிய பேஜ் ஃபைலும் சேர்ந்த தொகைதான் விண்டோஸ் கடன் கொடுக்கும் வரம்பு. எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பேஜ் ஃபைலை அணைத்துவைத்தவர்களும், டிஸ்கை விளிம்புவரை நிரப்பியவர்களும்தான் அதிகம் மாட்டுகிறார்கள். டாஸ்க் மேனேஜரில் பர்ஃபாமென்ஸ், மெமரி என்று போனால் 'கமிட்டட்' என்ற இடத்தில் இரண்டு எண்கள் தெரியும். பறக்கும்போது முதல் எண் இரண்டாவதை நெருங்கினால் நோய் பிடிபட்டது. வர்ச்சுவல் மெமரி அமைப்பில் 'சிஸ்டம் மேனேஜ்டு சைஸ்' என்று விட்டு, டிஸ்கில் தாராளமாக இடம் காலி செய்தால் போதும். பைசா செலவில்லை.

எப்போதுதான் ரேம் வாங்குவது? 2020 பதிப்புக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 16. 2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்புக்கு அது 16, 32. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான பங்கும் இதிலிருந்தே போகும். எனவே 8 ஜிபியோடு புதிய பதிப்பை ஓட்ட முயல்பவருக்கு நேரு பிளேஸ் பயணம் நியாயமானதே.

வர்த்தக பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் நிஜமாகப் பறந்திருக்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் பறந்த மணிகள் கணக்கில் சேராது. ஆனாலும் கருவிகளைப் படிக்கவும் இறங்கும் முறைகளை மனதில் பதிக்கவும், பயிற்சிக் கட்டணத்துக்கே திணறும் மாணவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. அவர்கள் கையில் காசை வைத்துக்கொண்டு மெட்ரோ ஏறும் முன் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. கூட்ட முடிந்தாலும் டிடிஆர் 4 இருக்கும் இடத்தில் டிடிஆர் 5 பொருந்தாது.