அவதி

மலையாளத்தில் விடுமுறைக்கு 'அவதி' என்று பெயர். புதிதாக இந்த ஊருக்கு வந்த நம் ஆட்கள், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் 'நாளை அவதி' என்று குதித்துக்கொண்டு வருவதைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். இருபது வருஷம் இங்கே கிடந்து பழகியவர்களுக்கு அந்தத் திகைப்பு போய்விடுகிறது. ஆனால் நம் வீடுகளில் அந்த வார்த்தை இன்றைக்கும் தமிழ் அர்த்தத்திலேயே நிற்கிறது. மற்றவர்களுக்கு அவதி என்றால் கடற்கரை. நமக்கு அவதி என்றால் அவதிதான்.

நாம் ரயில்வேயில் டிக்கெட் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடநாட்டுக் குடும்பங்களும் வெள்ளைக்காரர்களும் வந்து இறங்கி, கோவளத்துக்கு எப்படிப் போவது என்று கேட்பார்கள். அதே ஜன்னலுக்கு நம் ஜனங்களும் வருகிறார்கள். அவர்கள் கேட்பது நாகர்கோவில், திருநெல்வேலி, தென்காசி, மதுரை. சாவு, சடங்கு, கோயில் கொடை, இந்த மூன்றில் ஒன்று. சும்மா போய் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று டிக்கெட் கேட்ட நம் ஆளை இத்தனை வருஷ சர்வீசில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஊருக்குப் போவதும் விடுமுறைதானே என்று கேட்கலாம். போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தோழர்களே, போய் வந்தவர் முகத்தைப் பாருங்கள். கொடைக்கு வரி, கல்யாண வீட்டில் மொய், தங்கச்சி பிள்ளைக்கு உடுப்பு, பழைய வரப்புத் தகராறில் ஒரு நாள் பஞ்சாயத்து. திரும்பி வந்ததும் வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். இதற்குப் பெயர் ஓய்வா?

இதை எழுதத் தூண்டியது ஒரு சின்ன சம்பவம். சங்கத்தின் மாலை வகுப்பில் பதினொரு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள். 'நான் பார்த்த கடல்' என்று பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுதிக்கொண்டு வந்த கட்டுரையில் அலை பச்சை நிறத்தில் இருந்தது, நடுவில் தாமரை இருந்தது. விசாரித்தால், கடலைப் பார்த்ததே இல்லை என்றாள். சங்குமுகத்துக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாத இடத்தில் அவள் வீடு! அவள் தகப்பன் கொத்தனார். கோவளத்தில் ஒரு பெரிய ஓட்டல் கட்டியபோது ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே டைல்ஸ் பதித்தவர். கடலைப் பார்க்கிற ஜன்னல் உள்ள குளியலறைகள் எல்லாம் அவர் கைவேலை. ஒரு நாள்கூட தண்ணீரில் கால் நனைக்கவில்லை. வேலை முடிந்ததும் லாரி புறப்பட்டுவிடும், லாரியைத் தவறவிட்டால் பஸ் காசு சொந்தக் காசு. ஏன் பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை என்று கேட்டோம்.

"அண்ணாச்சி, நாம வேலைக்கு வந்தோமா, வேடிக்கை பார்க்க வந்தோமா?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாம் எதிர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது அவருடைய வாக்கியம் அல்ல. வேலை வாங்குகிறவன் நம் வாயில் வைத்த வாக்கியம்.

பிரான்ஸ் தேசத்தில் 1936-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். கூலி உயர்வோடு அவர்கள் வாங்கிய இன்னொன்று, வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. லெயோன் புளூம் மந்திரிசபை அதைச் சட்டமாக்கியது. வெறும் சட்டம் மட்டுமா? விடுமுறைக்குப் போகும் தொழிலாளிக்கு ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு தள்ளுபடி கொடுத்துத் தனி டிக்கெட் போட்டார்கள். (டிக்கெட் கிழிக்கிற நமக்கு இந்தச் செய்தியில் தனி ருசி உண்டு.) வாழ்நாளில் கடலைப் பார்க்காத ஆலைத் தொழிலாளிகள் அந்தக் கோடையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனார்கள். உல்லாசப் பயணம் பணக்காரன் சொத்து என்ற எண்ணம் அன்றைக்கு உடைந்தது. ஐ.நா. சபை 1948-இல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆவது பிரிவும், ஓய்வும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் எல்லாருக்கும் உள்ள உரிமை என்றே சொல்கிறது.

நம் வீட்டுக்குள்ளே வருவோம். கடை, ஓட்டல் போன்ற இடங்களில் வேலை செய்கிறவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று கேரளத்தில் 1960-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதால் 2018-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, வேலை நேரத்தில் உட்காரும் உரிமையையும் சேர்த்தார்கள். உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். கட்டிட வேலையிலும் ரோட்டு வேலையிலும் இருக்கும் நம் அன்றாடக் கூலிக்காரருக்கோ ஒரு நாள் ஓய்வு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் போகிறோம். போகாவிட்டால் திங்கட்கிழமை வேறு ஆள் நிற்பான். முன்பு அந்த வேறு ஆளும் நம் ஊர்க்காரன். இப்போது வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தம்பி. அவன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவனும் கடல் பார்க்காதவன்தான்.

இந்த நகரம் நமக்கு அந்நியமா? தலைமைச் செயலகம் 1869-இல் திறக்கப்பட்டது. அதற்குச் செங்கல் சுட்ட இடம்தான் செங்கல்சூளை என்று சொல்வார்கள். சாலைக் கடைத்தெருவில் தமிழ் காதில் விழாமல் பத்தடி நடக்க முடியாது. அந்தத் தெருவிலேயே கடை வைத்திருந்து, அந்தத் தெரு மனிதர்களையே கதைகளாக எழுதியவர் ஆ. மாதவன், 2015-இல் அவருக்கு சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தினமும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் இருப்பது. அதை எழுதிய சுந்தரம் பிள்ளை இதே ஊரில் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். மேடையில் இந்தப் பெருமைகளைப் பேசக் கை தட்டுகிறோம். மறுநாள் காலை, சொந்த நகரத்தில் களவாக வந்தவரைப்போல் ஓரமாக நடக்கிறோம்.

கிழக்கேகோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயில் வாசலில் நின்று நம்மில் பலர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. 1936 நவம்பர் 12-ஆம் தேதி கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை திருவிதாங்கூர் அரசின் கோயில்களுக்குள் நம் பாட்டன்மார் பலருக்கு இடம் கிடையாது. சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் இஷ்டம். ஆனால் போராடித் திறந்த கதவை நாமே கூச்சப்பட்டுச் சாத்திக்கொள்ளக் கூடாது.

மியூசியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1880-இல் கட்டி முடித்த கட்டிடம். வரைபடம் போட்டவர் ராபர்ட் சிஷோம், சென்னையில் செனட் ஹவுஸ் கட்டியவர். பல நிறச் செங்கலால் கோலம் போட்டதுபோன்ற சுவர், அடுக்கடுக்காகச் சரியும் கூரை, வெயில் காலத்திலும் உள்ளே குளிர்ச்சி. உல்லாசப் பயணி அதன்முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஒரு கொத்தனார் நின்று பார்த்தால் அந்தச் சுவர் வேறு மாதிரி பேசும். எந்த வரிசை எப்படி ஏறியிருக்கிறது, மூலையை எப்படித் திருப்பியிருக்கிறான் என்று மகளுக்கு விரல் நீட்டிக் காட்டலாம். அதைச் சொல்ல அந்த வளாகத்தில் வேறு எந்த வழிகாட்டிக்கும் தகுதி இல்லை. பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை. திங்கட்கிழமை இரண்டும் பூட்டியிருக்கும், அன்று போய் ஏமாற வேண்டாம்.

மாலை நாலு மணிக்குமேல் சங்குமுகம். கானாயி குஞ்ஞிராமன் செய்த பெரிய ஜலகன்னிகை சிலை அங்கே படுத்திருக்கிறது. 2017-இல் ஒக்கி புயலும் அதற்குப் பின் வந்த கடலரிப்பும் கரையை நிறையத் தின்றுவிட்டன, ரோட்டையும் விடவில்லை. மீன்பிடிக் குடும்பங்கள் வீடிழந்து தவித்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடல் என்றால் அழகு மட்டும் அல்ல. கோவளத்துக்குக் கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் உண்டு. 1972-இல் வந்த கலங்கரை விளக்கத்தில் சீட்டு வாங்கி ஏறினால், 2025 மே மாதம் திறந்த விழிஞ்ஞம் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். மழைக்காலத்தில் அங்கே கடல் பொல்லாதது. சிவப்புக் கொடி நின்றால் கணுக்காலுக்குமேல் தண்ணீரில் இறங்க வேண்டாம். நீச்சல் தெரியும் என்று வீரம் பேசுகிறவரை முதலில் கரையில் உட்கார வையுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஆண்கள் உல்லாசம் என்று புறப்பட்டால் பாதிப்பேர் சாராயக் கடை வரிசையில் நிற்கிறார்கள். பெண்கள் விடியற்காலம் நாலு மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறி, தூக்கில் அடைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பஸ்ஸில் தூங்கி வழிகிறார்கள். செங்கல் சுமக்கும் சித்தாளுக்கு அதுவும் இன்னொரு வேலை நாள்தான். நம் வீட்டிலேயே இந்தக் குற்றம் நடந்திருக்கிறது. வருஷத்துக்கு மூன்று செட் ரயில்வே பாஸ் கிடைத்தும், சங்க வேலை என்று சொல்லி எத்தனையோ வருஷம் அதை வீணாக்கினோம். வீட்டில் உள்ளவர் ஒரு நாள் அந்த பாஸ் புத்தகத்தை எடுத்துவந்து, "இதை அடுப்பெரிக்கவாவது தாங்க" என்று கேட்டபோது பதில் இல்லை.

ஆகவே சங்கத்தின் செயற்குழுவில் வைக்கப்போகும் கோரிக்கை இது. நம் உறுப்பினர்கள் வேலை செய்யும் இடங்களில், ஆறு நாள் உழைத்தவருக்கு ஏழாம் நாள் கூலியோடு ஓய்வு என்று காண்டிராக்டர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அவர்கள் உடனே தந்துவிடுவார்கள் என்ற மயக்கம் நமக்கு இல்லை. அதுவரை கைகட்டி இருக்காமல், மாதம் ஒரு ஞாயிறு சங்கமே குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். காலையில் மியூசியம், மாலையில் சங்குமுகம். மத்தியானச் சாப்பாட்டை சங்கத்தின் ஆண் தோழர்கள் சமைத்து எடுத்து வர வேண்டும். உப்புக் கூடினாலும் பரவாயில்லை, பெண்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

கட்டுரை எழுதிய பிள்ளை பெயர் கொடுத்துவிட்டாள். தகப்பனார் சனிக்கிழமை கூலி வாங்கும்போது மேஸ்திரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.