நாள் தள்ளும் முன்னர்

கரு தரித்த 28 நாள்களுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான குழல் மூடிக்கொள்கிறது. அப்பொழுது தாய்க்கு நாள் தள்ளி இரண்டு கிழமையே ஆகியிருக்கும். நற்செய்தி வரட்டும், பிறகு கவனிப்போம் என்றிருக்கும் குடும்பங்கள் இந்தக் கணக்கை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நீரிழிவுள்ள பெண், மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6.5 விழுக்காட்டை ஒட்டிக் கொணர்ந்தபின் கருவுறுவதே நன்று. வலிப்புக்குரிய வால்ப்ரோயேட்டும், குருதி அழுத்தத்துக்குரிய சில மாத்திரைகளும் கருவுக்கு ஊறு செய்பவை. முன்கூட்டியே மாற்றப்பட வேண்டியவை. ஆயினும், கருவுற்றதும் அஞ்சி எல்லா மருந்தையும் தாமே நிறுத்திவிடுவது பெருங்கேடு. தைராய்டு மாத்திரையையோ பெரும்பாலும் கூட்டவே நேரும்.

அந்தக் குழல் செவ்வனே மூடத் துணைபுரியும் ஃபோலிக் அமிலத்தை ரொட்டி மாவில் சேர்ப்பது ஆஸ்திரேலியாவில் 2009 செப்டெம்பர் முதல் கட்டாயம். நல்ல சட்டம்தான், ஆனால் சோறும் இடியப்பமும் உண்ணும் வீட்டுக்குள் அது நுழைவதில்லை. நம் பெண்களுக்கு மாத்திரையே துணை. நீரிழிவுள்ளவர்க்கு மருத்துவர் நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வரை எழுதுவதுண்டு.

முந்திக்கொள்வதன் பயனுக்கு மேற்குச் சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சிம்மன்ஸ் தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு சான்று. நீரிழிவு ஆபத்து மிக்க கர்ப்பிணியர் ஏறத்தாழ 800 பேரிடம், 20 வாரத்துக்கு முன்பே சர்க்கரை உயர்வைக் கண்டு உடனே சிகிச்சை அளித்தபோது, சிசுக்களுக்கு நேர்ந்த பாதிப்புகள் 30.5 விழுக்காட்டிலிருந்து 24.9 ஆகக் குறைந்தன. தெற்காசியப் பெண்கள் இவ்வாபத்து மிகுந்தோர் என்பது இங்குள்ள மருத்துவர் அறிந்ததே.

அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை, நாவுக்குத்தான் பூட்டு. சாதகத்தைக் கட்டம் கட்டமாக ஆராயும் நாம், மணமகளின் நீரிழிவை மட்டும் மூடி வைக்கிறோம். வெண்ட்வொர்த்வில்லிலோ டாண்டினோங்கிலோ விருந்து நடக்கையில், கைப்பையின் அடியிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் ஒதுங்கும் மருமகள், புகுந்த வீட்டாரிடம் எதைத்தான் சொல்லியிருப்பாள்?

மருத்துவரிடம் அவளுக்கு மொழிபெயர்க்க மாமியாரே உடன் செல்வது அதனினும் பிழை. முன்னர் கரு கலைந்ததையும், விட்டுப்போன மாத்திரையையும் அவள் அங்கே எவ்வாறு உரைப்பாள்? 131 450 என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையில் தமிழ் உரைபெயர்ப்பாளர் கிடைப்பார். முதல் சந்திப்புக்கே அவரைக் கேட்டுப் பெறுக. மாமியார் வெளியே அமர்ந்திருக்கட்டும்.