பத்து ரூபாய் பன்னுக்கு இத்தனை பாடா?



"கடையில பத்து ரூபாய்க்கு விக்கிற பன்னுக்கு ஒரு நாள் பொழுதை வீணாக்கணுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்தான். கேட்டது என் மருமகளிடம். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இந்தப் பகுதியைப் படிக்கும் சகோதரிகள், அதிலும் என்னைப் போல மாமியார் ஸ்தானத்துக்கு வந்துவிட்டவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு என் மருமகளின் தோழிகள் சேர்ந்து ஒரு சின்ன ஓவன் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். ஒரு மே மாதம், புத்தகத்தைப் பார்த்து ஈஸ்ட் போட்டு பன் செய்ய ஆரம்பித்தாள். 'ஒன்றரை மணி நேரம் மூடி வைக்கவும்' என்று அதில் இருந்ததாம். பிசைந்த மாவை மூடி மேடையில் வைத்துவிட்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதுரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அடுப்படியில் மனுஷி நிற்க முடியாது. திறந்து பார்த்தால் மாவு பொங்கி, நடுவில் குழி விழுந்து, கள்ளு வாசனை அடித்தது. அதை உருட்டி, மறுபடியும் புத்தகம் சொன்னபடி முக்கால் மணி நேரம் வைத்து, சுட்டு எடுத்தாள். சப்பையாக, கெட்டியாக, கடித்தால் பல்லுக்கு ஆபத்து!

அப்போதுதான் மகன் முன்னாலேயே நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவனும் சிரித்துவிட்டான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் ஓவன் பரணுக்குப் போனது. இரண்டு வருஷம் இறங்கவே இல்லை.

போன வருஷம் சித்திரையில் ஒரு நாள். சாயங்காலம் அரைத்து வைத்த இட்லி மாவு, ராத்திரி பத்து மணிக்கே பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்கும்போது மூக்கில் ஏறிய புளிப்பு வாசனையில் அந்தப் பன் ஞாபகம் வந்தது. மார்கழியில் விடிய விடிய வைத்தாலும் பொங்காத மாவு, சித்திரையில் நாலைந்து மணி நேரத்தில் வழிகிறது. இது தெரியாத தமிழ்ப் பெண் உண்டா? நாம் யாராவது கடிகாரத்தைப் பார்த்து இட்லி மாவை எடுக்கிறோமா? இத்தனை வருஷம் மாவு பொங்க வைத்த எனக்கு, அந்தப் பிள்ளையின் பாத்திரத்தை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வாய் மட்டும் நீண்டது.

காலையில் அவளிடம், "ஏம்மா, அன்னைக்கு உன் கை மேல தப்பில்ல. மாவு பொங்கி முடிஞ்சு இறங்கிப்போச்சு. நம்ம ஊரு சூட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ரொம்ப ஜாஸ்தி" என்றேன்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தை?" என்றாள்.

நியாயம்தானே! என்னிடம் பதில் இல்லை. மகனைக் கூப்பிட்டு ஓவனை இறக்கச் சொன்னேன்.

இப்போது நாங்கள் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். மூன்று கப் மைதா, சுமார் 400 கிராம் வரும். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன், கோடையில் ஒரு டீஸ்பூனே தாராளம். சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பான பால் ஒரு கப். பால் குழந்தைக்குக் குளிப்பாட்டும் தண்ணீர் சூட்டில் இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், அது உயிருள்ள பொருள். மாவில் இருக்கும் சர்க்கரைச் சத்தைத் தின்று அது விடும் வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. கூடவே கொஞ்சம் சாராயமும் உண்டாகும். அந்தக் கள்ளு வாசனை வந்த வழி அதுதான். அந்தக் காலத்தில் ஆப்ப மாவில் கள் ஊற்றுவார்களே, கள்ளில் இருப்பதும் ஈஸ்ட்தான். கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே ரொட்டி மாவைத் தென்னங்கள் விட்டுத்தான் பொங்க வைத்தார்களாம். ஆகவே இது நமக்குப் புதுசு என்று யாரும் மிரள வேண்டாம்.

எல்லாவற்றையும் கலந்து, கடைசியாக 40 கிராம் வெண்ணெய் சேர்த்து, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் அடித்துப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடக் கூடாது. முதலில் கையெல்லாம் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதாவைக் கொட்டினால் பன் கல்லாகும். பிசையப் பிசைய ஜவ்வு உண்டாகி மாவு தானே கையை விடும். அந்த ஜவ்வில்தான் வாயு தங்குகிறது. முட்டிவலிக்காரியான நான் உட்கார்ந்துகொண்டே தாம்பாளத்தில் பிசைகிறேன்.

பிறகு மாவு இரண்டு மடங்காகும் வரை மூடி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் மே மாதத்தில் 40 நிமிஷம், மழை நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். உங்கள் ஊரில் எத்தனை என்பதை உங்கள் மாவு சொல்லும். அமுக்கி, பன்னிரண்டு உருண்டையாக உருட்டி, தட்டில் வைத்து மறுபடியும் உப்ப விட வேண்டும். விரலால் லேசாகத் தொட்டால் குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் பொறுங்கள். மெதுவாகப் பாதி எழும்பினால் சரியான பதம். மேலே பால் தடவி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரியில் பதினைந்திலிருந்து இருபது நிமிஷம். எடுத்ததும் வெண்ணெய் தடவி மெல்லிய துணியால் மூடினால் மேல்தோல் மிருதுவாகிவிடும். முழுக்கக் கோதுமை மாவில் செய்தும் பார்த்தோம், கனமாக வந்தது. மூன்றில் ஒரு பங்கு கோதுமை மாவு கலந்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் மைதா மைதாதான், வீட்டில் செய்வதாலேயே அது பத்திய உணவு ஆகிவிடாது.

ஓவன் இல்லாதவர்கள், அடிகனமான பழைய வாணலியில் மணல் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடி பத்து நிமிஷம் சூடேற்றிவிட்டு, தட்டை உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் அரை மணி நேரம் விடலாம். மேலே சிவக்காது. தோசைக்கல்லில் ஒரு நிமிஷம் கவிழ்த்தால் தீர்ந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். மைதா, பால், வெண்ணெய், கரண்ட் எல்லாம் சேர்த்தால் பெரிய லாபம் ஒன்றுமில்லை. நம் உழைப்புக்கும் கூலி போட்டால் நஷ்டம்தான். நன்மை என்றால், என்ன போட்டோம் என்பது நமக்குத் தெரியும். 2016ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி, பன் வகைகளைச் சோதித்து, அவற்றில் நூற்றுக்கு 84ல் பொட்டாசியம் புரோமேட், அயோடேட் இருப்பதாகச் சொன்னது. அந்த வருஷம் ஜூன் மாதமே அரசு புரோமேட்டுக்குத் தடை போட்டுவிட்டது. எல்லா பேக்கரிக்காரர்களையும் நான் குறை சொல்லவில்லை. அவசரத்துக்கு இன்றும் தெருமுனைக் கடையில்தான் வாங்குகிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. என் மகன் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் உட்கார்ந்து பைக்கைத் துடைக்கிறான். அறுபது ரூபாய் கொடுத்தால் கடையில் கழுவித் தருவார்கள். அவனிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் ரேடியோவைப் பிரித்துப் போட்டு மாட்டத் தெரியாமல் விட்ட காலத்திலும் "ஆம்பளைக்கு ஒரு பொழுதுபோக்கு வேணாமா" என்றுதான் சொன்னேன். அடுப்படியில் ஒரு பெண் ஆசைக்காக ஒன்று செய்தால் மட்டும் காசும் நேரமும் கண்ணுக்குத் தெரிகிறது. அதுவும் ஒரு தடவை தோற்றுவிட்டால் போதும், ஊரே சேர்ந்து கணக்குப் பார்க்கும். என் முதல் தீபாவளி மைசூர்பாகை என் மாமியார் உலக்கையால் உடைத்தார்கள். சிரித்தார்கள்தான், ஆனாலும் மறுநாளே பக்கத்தில் நின்று பாகு பதம் காட்டிக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்த அந்த இரண்டாவது நாளை என் மருமகளுக்குக் கொடுக்க எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போதும் எல்லாத் தடவையும் சரியாக வருவதில்லை. போன மாதம் ஈஸ்ட் டப்பா பழசாகி மாவு அசையவே இல்லை. சந்தேகம் இருந்தால் இளஞ்சூடான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கொஞ்சம் ஈஸ்ட் போட்டு, பத்து நிமிஷத்தில் நுரைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நாங்கள் அந்த மாவைத் திரட்டி பரோட்டாவாகப் போட்டுச் சாப்பிட்டோம். மருமகள்தான் முதலில் சிரித்தாள்.

வருகிற ஞாயிறு தேங்காய்ப்பூரணம் வைத்த பன் செய்யப் போகிறாளாம். தேங்காய் துருவுவது நான். பிசைவதற்கு மகனை உட்கார வைத்திருக்கிறோம், பைக் ஒரு வாரம் அழுக்காகவே இருக்கட்டும்.

- ஒரு வாசகி, மதுரை.