கஷாயம் ஊற்றினால் போதுமா? கணக்கு எழுத வேண்டாமா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், எங்கள் அவிநாசிப் பக்கம் பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், பனியன் கம்பெனி வாசல் என்று எங்கே பார்த்தாலும் எவர்சில்வர் டிரம்மில் நிலவேம்புக் குடிநீர்தான். "போன வருசம் குடிச்சோமுங்க, வீட்ல ஒருத்தருக்கும் டெங்கு வரலீங்க" என்று சொல்கிறவர்கள் ஏராளம். பாளையங்கோட்டையில் சித்தம் படித்த எனக்கு இதைக் கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி. குடிக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்ததா? அதை யாரும் பார்ப்பதில்லை! பார்க்காமல் எப்படிச் சொல்வது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகக்கூட இருக்கலாமே.

தமிழ்நாட்டின் டெங்குக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் இறந்தார்கள். அந்த வருடம்தான் அரசு நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச்சாறு, மலைவேம்புச் சாறு என்று பெரிய அளவில் இறங்கியது. 2013-இல் எண்ணிக்கை 6,122-ஆக இறங்கியது. எங்கள் ஆட்களுக்கு ஒரே கொண்டாட்டம். சரி, 2017-இல் 23,294 பேருக்கு வந்ததே, 65 பேர் இறந்தார்களே, அப்போது நிலவேம்பு தோற்றுவிட்டதா? இறங்கினால் நம் பெருமை, ஏறினால் கொசுவின் குற்றமா? இரண்டுமே நியாயமில்லை. டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. ஒரு வகை ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், அடுத்த வருடம் அதற்கு ஆள் கிடைப்பது குறையும். அப்புறம் மழை, வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டி, கொசு ஒழிப்பு, எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள் என்பது... எல்லாமே அந்த எண்ணை ஏற்றி இறக்கும். வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டு மருந்தை எடை போடவே முடியாது.

2017 அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன், முறையான ஆராய்ச்சி முடிவு வரும்வரை நிலவேம்புக் குடிநீர் விநியோகிக்க வேண்டாம் என்று தம் ரசிகர்களிடம் சொன்னார். கொதித்துப் போனார்கள் நம்மவர்கள். எனக்கு அந்தக் கோபம் பிடிக்கவில்லை. கேட்டவரை விடுங்கள், கேள்வி சரியான கேள்விதானே?

பதில் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஒரு ஒன்றியத்தில் எல்லா ஊராட்சிக்கும் ஒரே நாளில் கஷாயம் காய்ச்சி அனுப்ப முடியாது. யாருக்கு முதலில் என்பதைத் தலைவர் சொல்படியோ, ரோடு வசதிப்படியோ முடிவு செய்யாமல் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். (சோழர் காலத்துக் குடவோலைதான், புதுசு ஒன்றுமில்லை!) முதல் மாதம் பாதி ஊராட்சிக்கு, அடுத்த மாதம் மீதிக்கு. கொசு மருந்தும் தொட்டி கழுவுவதும் எல்லா ஊருக்கும் ஒன்றுபோல நடக்கட்டும். அந்த முதல் மாதத்தில் இரண்டு பக்கமும் ஆரம்ப சுகாதார நிலையத்துக் காய்ச்சல் நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1997-இல் மெக்சிகோவில் இப்படித்தான் செய்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் அனுப்பும் தாய்மாருக்குப் பணம் தரும் திட்டம். 506 கிராமங்களில் 320-க்கு முதலில், மீதி 186-க்குப் பிறகு. ஒப்பிட்டுப் பார்த்துப் பலன் தெரிந்ததால், 2000-இல் ஆட்சி மாறியும் பெயரை மாற்றித் திட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

நம் ஊரிலும் கணக்குப் பார்க்கத் தெரியாமல் இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்குவதற்கு முன்பே, 2020-இல் ஒரு கணக்கெடுப்பு நடந்திருந்தது. ரத்தக்கொதிப்பு உள்ள நூறு பேரில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7 பேர்தான் என்று தெரிந்தது. அடுத்த கணக்கெடுப்பில் அது 17 ஆனது. நல்ல செய்தி. ஆனாலும் முதல் கணக்கு கொரோனா வருடத்துக் கணக்கு. ஏறியது முழுவதும் திட்டத்தால்தான் என்று உடனே மாலை போட முடியாது. இன்னும் 83 பேர் பாக்கி என்பதையும் மறக்கக் கூடாது.

கஷாயத்தில் எதை எண்ணுவது என்பதுதான் முக்கியம். எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்பது சமையல்காரர் கணக்கு. எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேர் படுக்கையில் சேர்ந்தார்கள், காய்ச்சல் கண்ட எத்தனாவது நாளில் வந்தார்கள்... இதுதான் வைத்தியர் கணக்கு. கடைசிச் சங்கதியை அழுத்திச் சொல்கிறேன். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் ஆபத்தே. "நிலவேம்பு குடிச்சாச்சு, காய்ச்சல் விட்டிருச்சு" என்று வயிற்றுவலியோடும் வாந்தியோடும் வீட்டிலேயே கிடப்பவர்கள் உண்டு. எங்கள் மருந்தால் வந்த தைரியத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் தாமதமாகப் போனால், அதுவும் எங்கள் கணக்கில்தான் வர வேண்டும்.

"கணக்கில் பலன் இல்லை என்று வந்துவிட்டால் சித்தத்துக்கு அவமானம் இல்லையா டாக்டர்?" என்று இளைய வைத்தியர்கள் கேட்கிறார்கள். வரட்டுமே! ஒன்பது சரக்கு சேர்ந்த கஷாயம் அது. உடம்பு வலிக்கு உதவுகிறதா, டெங்குவைத் தடுக்கிறதா, இரண்டும் வேறு வேறு கேள்வி. ஒன்றில் இல்லை என்றால் மற்றதில் பார்ப்போம். தடுக்கவில்லை என்று தெரிந்தால் அந்தப் பணத்தைத் தொட்டிக்கு மூடி வாங்கவாவது செலவழிக்கலாம்.

அடுத்த கிராமசபையில் குடிநீர் விநியோகம் பற்றிப் பேச்சு வந்தால், வாசகர்களே, நீங்களும் எழுந்து கேளுங்கள்: "போன வருசக் காய்ச்சல் நோட்டு எங்கீங்க?"