சேமிப்பு வேறு, காப்பு வேறு

திருத்தணிகை வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள, பல்லவ மன்னன் அபராஜிதவர்மன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு மேற்பட்டும் படிக்கத்தக்கதாய் நிற்கின்றது. அவ்வூரிலேயே மலைமேல் முருகன் சந்நிதியில் இன்று நிகழும் ஒரு திருமணத்தின் படங்களோ, ஒற்றை ஹார்டு டிஸ்க்கில் மாத்திரம் வைக்கப்படுமாயின், ஐந்தாண்டேனும் நிலைக்குமென்று உறுதி கூற எவராலும் இயலாது. இக்குறையை அதிகப் பொருட்செலவின்றி நீக்கும் வழி யாது என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

முன்னாளில் மேஜைக் கம்ப்யூட்டரின் கூடு பெரிது. அதனுள் மூன்று நான்கு டிஸ்க்குகளைப் பொருத்த இடமிருந்தது. இக்காலத்துச் சிறு கம்ப்யூட்டர்களுள் சில ஒரு புத்தகத்தளவே இருப்பன. மின்செலவும் அவற்றிற்குக் குறைவு. ஆயின் பெரிய டிஸ்க் வைக்க உள்ளே இடமில்லை. புகைப்பட நிலையத்தாருக்கோ வீடியோவினால் இடத்தேவை நாளுக்குநாள் பெருகுகின்றது. ஆதலின் ஒரு டிஸ்க் நிறைந்ததும் மற்றொன்றை வாங்கி, நிறைந்ததை மேஜை இழுப்பறையில் இட்டுவிடும் பழக்கம் எளிதில் வந்துவிடும். மணமக்கள் திருவள்ளூர் மாவட்டத்தாராயினும், எல்லைக்கப்பாலுள்ள நகரி, புத்தூர் முதலிய ஊரினராயினும், அவர்தம் திருமணத்தை மீண்டும் நடத்திப் படமெடுத்தல் இயலாதன்றோ?

உள்ளே இடமில்லையெனின் வெளியே அமைத்துக் கொள்ளலாம். இரண்டு முதல் ஐந்து டிஸ்க்குகள் வரை கொள்ளும் பெட்டிகள் விற்பனையில் உள்ளன. யூ.எஸ்.பி. கேபிள் ஒன்றினால் அவை கம்ப்யூட்டரோடு இணைகின்றன. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும், சாதாரண யூ.எஸ்.பி. இணைப்பு தருவது 5 வோல்ட்டே. ஆதலால் இப்பெட்டிகள் தனி அடாப்டரோடு வருகின்றன. வேகத்தைப் பற்றிய அச்சமும் வேண்டுவதில்லை. 2008-இல் வெளிவந்த யூ.எஸ்.பி. 3.0 முறையிலேயே விநாடிக்கு ஏறத்தாழ 400 மெகாபைட் செல்லும்; சுழலும் டிஸ்க் ஒன்று தருவது பெரும்பாலும் 250-க்கு உட்பட்டதே.

இப்பெட்டிகள் இருவகை. ஒன்று, ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியே கம்ப்யூட்டருக்குக் காட்டுவது. மற்றொன்று, பல டிஸ்க்குகளை ஒன்றாகப் பிணைத்து ‘ரெய்டு’ என்னும் முறையில் நடத்துவது. இதற்கு விலை அதிகம். 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெரிய டிஸ்க்கின் வேலையை மலிவான பல சிறு டிஸ்க்குகளைக் கொண்டு செய்வித்தலே அவர்தம் கருத்து. டிஸ்க்குகள் பலவானால் பழுதும் பெருகுமாதலின், ஒன்று கெட்டாலும் வேலை நில்லாதவாறு ஏற்பாடு செய்தனர்.

வேலை நில்லாமை வேறு. பொருள் அழியாமை வேறு. ஒரே விவரத்தை இரு டிஸ்க்குகளில் எழுதும் ரெய்டில், ஒரு படத்தைத் தவறி அழித்தால் அக்கணமே இரண்டிலும் அது அழியும். பெட்டியைக் கள்வர் கொண்டு சென்றால் இரண்டும் ஒருங்கே போகும். பெட்டியின் மின்சுற்றே பழுதுற்றாலோ, டிஸ்க்குகள் நலமாயிருந்தும், அவ்வகைப் பெட்டி மற்றொன்று கிடைத்தாலன்றி அவற்றைப் படித்தல் அரிதாகலாம். தனித்து எழுதப்பட்ட டிஸ்க்கை வேறு பெட்டியிலிட்டும் படிக்கலாம்.

இடைவிடாது நடைபெறவேண்டிய ஆஸ்பத்திரிக்கும் பாங்கிக்கும் ரெய்டு அவசியமே. இதனை நாம் மறுக்கவில்லை. அரைநாள் தாமதத்தைப் பொறுக்கவல்ல சிறு நிலையத்தார், அதற்கெனக் கொடுக்கும் பணத்தை மற்றொரு டிஸ்க்குக்குக் கொடுத்தலே தகும் என்பது நமது அபிப்பிராயம்.

செய்யவேண்டுவது யாதெனில், ரெய்டு இல்லாத, இரு டிஸ்க் கொள்ளும் எளிய பெட்டி ஒன்றை வாங்குக. ஒன்றில் வேலை நடக்க, மற்றொன்றில் நாள்தோறும் பிரதி எடுக்கப்படுக. மூன்றாவது டிஸ்க் ஒன்றில் வாரமொருமுறை பிரதியெடுத்து, கம்ப்யூட்டரினின்று கழற்றி, உறவினர் வீட்டிலேனும் வேற்றிடத்தில் வைக்க. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் விவரம் சிதையக்கூடுமாதலின், பெட்டியும் கம்ப்யூட்டரும் யூ.பி.எஸ். வழியே மின்சாரம் பெறுதல் நன்று. மாதமொருமுறை பிரதியினின்று சில படங்களைத் திறந்து பார்த்தலும் வேண்டும். திறந்து பாராத பிரதி நம்பத்தக்கதன்று.

வேற்றிடம் எதற்கு எனச் சிலர் வினவலாம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தும் பிரதியிருந்த அச்சுநூல்களை மீண்டும் தேடிச் சேர்த்தல் கூடும். மறுபிரதியில்லாத ஓலைச்சுவடிகள் போனவை போனவையே. நூலகம் சிறிதென்றோ கட்டடம் உறுதியற்றதென்றோ அவை அழியவில்லை. ஓரிடத்தில் மாத்திரம் இருந்தமையாலேயே அவை மீளாது போயின.

மாணவ நண்பர்களே! இந்நுட்பங்கள் உங்கட்குப் புதியனவல்ல; உங்கள் ஊரில் கடை வைத்திருப்பவருக்கோ புதியனவாயிருக்கலாம். வருகின்ற விடுமுறையில் ஒரு புகைப்பட நிலையத்துக்கோ, ஒரு கிராம நூலகத்துக்கோ, உங்கள் இல்லத்துக்கோ இரண்டாம் பிரதி ஒன்றை அமைத்துக் கொடுங்கள். பெரிய பெட்டி வாங்கினோம் என்னும் பெருமையைக் காட்டிலும், பிறர் நம்பிக் கொடுத்ததைக் காத்தோம் என்னும் மனநிறைவே மேலானது.