பிரியாணிக்கு மட்டும்தான் ஆம்பூரா?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே நிறைய இருக்கின்றனவாம். எல்லோரும் சேர்ந்து ‘ஆம்பூர் நாள்’ கொண்டாடப் போகிறார்கள். சீரகச் சம்பா அரிசி வாங்கியாகிவிட்டது. ஆற்காடு மக்கன் பேடா செய்யவும் ஆள் கிடைத்துவிட்டார். ஒரு மலரும் போடுகிறார்கள். அதில் ஊர்ப் பெருமையைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

போனை வைப்பதற்கு முன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “சார், தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டு விஷயம் மட்டும் வேண்டாம். மாட்டுக்கறி, டேனரித் தண்ணி. எல்லா மாதிரி ஆளுங்களும் வருவாங்க. பிரச்சினை வேண்டாம் சார்.”

நல்ல பையன். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கமும் வரவில்லை. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு ஆம்பூரைப் பற்றி எழுதுவது எப்படி? எழுத முடியாது என்பதுதான் என் பதில். அதை அவனுக்கு மட்டும் சொல்லாமல் உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதலில் பெருமையைப் பேசுவோம். நம் பிரியாணி உசத்திதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மிளகாய்த் தூளைக் கொட்டாமல், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துப் போடுகிற பக்குவம். சின்னச் சின்னதாக நிற்கும் சீரகச் சம்பா. தொட்டுக்கொள்ளப் புளிப்பும் காரமுமாகக் கத்திரிக்காய். ஆற்காடு நவாப் வீட்டுச் சமையலின் வழியில் வந்தது என்று சொல்வார்கள். நவாப் அன்வருதீன் கான் செத்து விழுந்ததும் இதே ஆம்பூரில்தான், 1749 ஆகஸ்டில் நடந்த சண்டையில். இதையெல்லாம் மலரில் தாராளமாகப் போடலாம். யாருக்கும் கோபம் வராது.

ஆனால் நவாப் போன பிறகு இந்தச் சாப்பாட்டை இங்கே வாழவைத்தது யார்? தோல் வாங்க வந்த வியாபாரி, டேனரி முதலாளி, டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற கூலியாள், இன்றைக்கு விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறி ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்பிள்ளைகள். முதலாளிக்கு ஆட்டுக்கறி பிரியாணி. கூலியாளுக்குக் கட்டுப்படியானது மாட்டுக்கறி பிரியாணி. அரிசி ஒன்று, மசாலா ஒன்று, பக்குவம் ஒன்று. கறி மட்டும்தான் வேறு. ஆம்பூரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வெந்தன, இன்றும் வேகின்றன. இது நமக்கெல்லாம் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறோம்.

2022 மே மாதம் நடந்தது நினைவிருக்கிறதா? 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. வெளியே நாங்கள் இலவசமாகக் கொடுப்போம் என்று விடுதலைச் சிறுத்தைகள் முதலானவர்கள் சொன்னார்கள். கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்துவிட்டார்கள். இது பாகுபாடு ஆகாதா என்று ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது.

அப்போது உங்களில் பலர் “சாப்பாட்டில் எதுக்கு சார் அரசியல்?” என்று எழுதினீர்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். ஒரு ஊரின் பெயரில் அரசாங்கம் பந்தல் போட்டு, அந்த ஊரில் பாதிப் பேர் சாப்பிடுவதை வாசலிலேயே நிறுத்தினால், அது அரசியல் இல்லாமல் வேறு என்ன? மாட்டுத் தோல் கப்பலேறினால் அந்நியச் செலாவணி. அதே மாட்டின் கறி தட்டில் ஏறினால் சங்கடமா?

சைவம் சாப்பிடுகிறவர் மனசு புண்படும் என்பார்கள். அவர் ஆட்டுக்கறியும் தொடமாட்டாரே! அவருக்காக ஆட்டுக்கறியை நிறுத்தினீர்களா? தனி வரிசை வைத்தீர்கள். நல்ல ஏற்பாடு. அதே மாதிரி இன்னொரு வரிசை வைக்க என்ன தடை? வேண்டாதவர் கை நீட்டப் போவதில்லை.

இதை உபதேசமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த நேரம். என் வகுப்பில் ஒரு பையன் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி மட்டும் திறந்து, கையால் மறைத்து மறைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்து சொன்னான். நான் என்ன செய்தேன் தெரியுமா? “தம்பி, நீ அந்த வேப்பமரத்தடியில போய்ச் சாப்பிடு. பிரச்சினை வேண்டாம்” என்றேன். பெரிய சண்டையைச் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிட்டதாக நினைப்பு வேறு. மறுநாளிலிருந்து அவன் சாப்பாடே கொண்டுவரவில்லை. குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு மணி அடிக்கும்வரை மைதானத்தில் நின்றான். மூக்கைப் பொத்தியவனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பிரச்சினை வேண்டாம் சார்” என்று போன வாரம் அந்த மாணவன் சொன்னபோது எனக்கு ஏன் சுருக்கென்றது என்று இப்போது புரிகிறதா? அந்த வார்த்தையைக் கற்றுக்கொடுத்ததே என்னைப் போன்ற வாத்தியார்கள்தான்.

அடுத்தது தண்ணீர். நான் வேதியியல் வாத்தியார், இதில் கொஞ்சம் பாடம் எடுக்காமல் முடியாது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வருகிறது. அந்த உப்பைக் கழுவ வேண்டும். பிறகு சுண்ணாம்பு, பிறகு பதனிடுதல். முன்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். 1970களில் பச்சைத் தோல், அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுசாக முடித்த தோலும் ஷூவும் போகட்டும் என்றது. குரோமியம் உப்பு பரவலாக வந்தது. வேலை வேகமானது. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. குடித்த தண்ணீர் எங்கேயாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? பாலாற்றிலும் ஏரியிலும் கிணற்றிலும் வந்தது.

1991இல் வேலூர் மக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு. கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் வேலூர் என்ற பெயரைப் படிக்காமல் தாண்ட முடியாது. இது ஊர்ப்பெருமை இல்லையா? எந்த மலரிலாவது இதைப் போட்டிருக்கிறோமா?

தீர்ப்புப்படி அமைத்த ஆணையம் 2001 மார்ச்சில் கணக்குச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். இழப்பீடு சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு 9,200 ரூபாய்கூட வராது. தென்னையும் நெல்லும் விளைந்த நிலத்துக்கு, குடிக்க முடியாமல் போன கிணற்றுக்கு, இந்தத் தொகை. அதுவும் எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30இல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது: பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடு, கெடுத்தவர்களிடமிருந்து அதை வசூல் செய், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடு. வழக்குப் போட்டு 34 வருஷம். என்னிடம் அப்போது ஒன்பதாம் வகுப்புப் படித்தவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

“டேனரியை மூடச் சொல்கிறீர்களா சார்?” என்று கேட்பீர்கள். இல்லை. உங்களில் பலருடைய பள்ளிக் கட்டணம் தோலில்தான் வந்தது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலிருந்து நம் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறது. இந்தப் பக்கத்துக் கல்விக்குத் தோல் வியாபாரிகள் கொடுத்த கொடை கொஞ்சமா? சுத்திகரிப்பு நிலையங்கள் வந்ததும் உண்மை. பாலாறு வறண்டதற்கு மணல் கொள்ளையும் மேலே கட்டிய தடுப்பணைகளும் காரணம் என்பதும் உண்மை. ஆனால் ஆந்திராவைத் திட்ட ஒரு குரலில் கிளம்புகிற நாம், நம் தெருக் கால்வாயைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஊர் மானம் போகிறது என்கிறோம். முதலாளியும் தொழிலாளியும் விவசாயியும் பிழைக்க வேண்டும் என்றால், கழிவைச் சுத்தம் செய்கிற செலவும் ஷூ விலையில் சேர வேண்டும். அதை விவசாயியின் கிணற்றுக் கணக்கில் எழுதக் கூடாது.

2015 ஜனவரி 31ஐ மறந்துவிடாதீர்கள். ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளிகள். அவர்களும் ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்கள்தான், உங்களைப் போல. அவர்களுக்கும் ஊர்ச் சாப்பாட்டு ஞாபகம் இருந்திருக்கும்.

ஒரே மாடுதான் பிள்ளைகளே. அதன் தோலில் ஒருவர் சம்பாதித்தார். அதன் கறியில் ஒருவர் பசியாறினார். அதன் தோலைக் கழுவிய தண்ணீர் ஒருவர் கிணற்றில் இறங்கியது. இந்த மூன்று பேரும் சேர்ந்ததுதான் ஆம்பூர். மேடைக்கு மட்டும் ஒருவரைக் கூப்பிட்டு, மற்ற இருவரையும் வேப்பமரத்தடிக்கு அனுப்பாதீர்கள்.

ஆகவே என் பக்கத்தைப் போடுவதானால் முழுசாகப் போடுங்கள். வெட்டுவதானால் போடவே வேண்டாம், எனக்கு வருத்தமில்லை. விருந்தில் இரண்டு தேக்சா ஏற்றுங்கள், பெயரை மறைக்காமல் எழுதி வையுங்கள். வசூலில் மிச்சமானால் நம் பக்கத்துக் கிராமங்களின் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். உறவினர்களுக்கு ஒரு வேலை: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெயர் அந்த 29,193 பேரில் இருந்ததா, பணம் வந்ததா என்று விசாரியுங்கள். வரவில்லை என்றால் மனு எழுத நான் இருக்கிறேன். கை நடுங்கினாலும் எழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு மைதானத்தில் நின்ற அந்தத் தம்பி இதைப் படித்தால், என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வாப்பா. நீ கொண்டுவருவதை மூடியை முழுசாகத் திறந்து வைத்து இருவரும் சாப்பிடுவோம்.

திட்டுகிறவர்கள் கீழே தாராளமாகத் திட்டலாம். எழுத்துப் பிழை இல்லாமல் திட்டுங்கள்.

உங்கள் பழைய வேதியியல் வாத்தியார்